ஆமாம், பழிதான் வாங்கினேன்

நைனா,

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போன் போட்டு, "பழி வாங்கிட்ட இல்ல? இப்ப சந்தோஷமா?" என்று கேட்டாய். நான் வாயைத் திறப்பதற்குள் வைத்துவிட்டாய். அதற்குப் பிறகு நான் கூப்பிட்டபோதெல்லாம் நீ எடுக்கவில்லை. உன்னோடு வேலை செய்கிற தோஸ்துகளிடம் சொல்லியனுப்ப எனக்கு இஷ்டமில்லை. அதனால்தான் எழுதுகிறேன். விடுதியில் எட்டாவது வரை படித்தது இதற்காவது உதவட்டும். நீ கேட்ட கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஆமாம், பழிதான் வாங்கினேன். சந்தோஷமாகத்தான் இருக்கிறேன். அன்றைக்கு வீட்டுக்கு வந்து வயிறாரச் சாப்பிட்டுவிட்டு நன்றாகத் தூங்கினேன். உனக்கு அனுப்புவதற்கு முன்னால் இந்தக் கடிதத்தை நம் காலனிப் பெண்கள் எல்லோருக்கும் படித்துக் காட்டப்போகிறேன். அவர்களுக்குத் தெரியாமல் உனக்குச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

அடுத்த மாதம் உனக்குக் கல்யாணம். வியாசர்பாடியில் வீடு பார்த்துவிட்டாய். மகாவின் வீட்டார் நல்லவர்கள், ரயில்வேயில் உழைக்கிற குடும்பம். அவர்கள் எதிரில் உன் முதலாளி பிரபுவை நான் அவமானப்படுத்தியதுதான் உனக்குப் பெரிய வலி. "எங்க மாமனார் அங்க நின்னுக்கினு இருந்தாரும்மா" என்றாய். அவர் நின்றது எனக்கும் தெரியும். நான் பேசி முடித்ததும் அவர் வந்து உன் சின்னம்மா செல்லிக்கு உட்கார நாற்காலி இழுத்துப் போட்டார். அதை நீ கவனித்திருக்க மாட்டாய். பிரபுவின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாய்.

உனக்குத் தெரிந்த கதையை நான் மறுபடி சொல்லப் போவதில்லை. "தேவராஜ் ஓனருக்கும் நம்மளுக்கும் கேஸு நடந்துச்சு, நம்ம ஜெயிச்சோம்" என்பது மட்டும்தான் உனக்குத் தெரியும். அதற்கு மேல் நானும் சொன்னதில்லை, செல்லியும் சொன்னதில்லை. சின்னப் பிள்ளையின் தலையில் இதை ஏற்ற வேண்டாம் என்று அவள் தடுத்தாள். இப்போது நீ சின்னப் பிள்ளை இல்லை. அந்த ஓனரின் மகனிடமே சம்பளம் வாங்குகிறாய். கேட்டுக்கொள்.

உன் அப்பா காய்ச்சலில் போனபோது உனக்கு ஒரு வயதுகூட நிறையவில்லை. அடக்கம் பண்ணக் கையில் காசில்லாமல் தேவராஜிடம் முன்பணம் வாங்கினோம். என் தங்கச்சி என்று செல்லியும் சேர்ந்து கைரேகை வைத்தாள். அன்றிலிருந்து நாங்கள் இரண்டு பேரும் அவனுடைய ஆட்கள். காலனியில் ஏறக்குறைய எல்லா வீடும் அப்படித்தான். ஒரு வீட்டில் கூரை பறந்திருக்கும், ஒரு வீட்டில் பிரசவம் சிக்கலாகியிருக்கும். அவன் இல்லையென்று சொல்லாமல் கொடுப்பான். கொடுத்தபிறகு நாங்கள் பிடிக்கிற இறால் ஒன்றுகூட வேறு யாருக்கும் போகக்கூடாது. விலையை அவன் சொல்வான். எடைக்கல் அவனுடையது. பெரிய இறாலைப் பொடி என்று ஒதுக்குவான், அதையே எங்கள் கண்ணெதிரில் பெரிய இறால் பெட்டியில் கொட்டுவான். கடன் குறைந்ததா என்று கேட்டால், "எங்கடி ஓடப்போற, பொறுமையா அடைப்ப" என்பான்.

வேலை எப்படிப்பட்டது என்று உனக்குத் தெரியும் என்று நினைக்கிறாய். கரையில் நின்று போட்டோ எடுத்திருக்கிறாய், தண்ணீரில் இறங்கியதில்லை. நான் உன்னை இறங்கவிட்டதும் இல்லை. எண்ணூர்க் கழியில் தண்ணீர் வற்றும்போது அலையாத்திக் காட்டுக்குள் போவோம். எங்கள் பாட்டன்மார்களுக்குத் தேனும் கிழங்கும் கொடுத்த காடு துறைமுகத்துக்கும் தொழிற்சாலைக்கும் போனபிறகு எங்களுக்கு மிச்சமிருந்த காடு அதுதான். ஓலையில் முடைந்த பறிக்கூடையின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொள்ள வேண்டும். அப்போதுதான் இரண்டு கையும் வேலைக்குக் கிடைக்கும். கழுத்தளவு தண்ணீரில் முட்டி போட்டு, சேற்றில் கையை விரித்துத் தடவிக்கொண்டே நகர வேண்டும். விரல் நுனியில் இறால் துள்ளும், அந்தத் துள்ளலிலேயே அமுக்க வேண்டும். மேலே சேறு இருக்கும், அதற்கடியில் அனல்மின் நிலையத்துச் சாம்பல் இருக்கும், சாம்பலுக்கடியில் கிளிஞ்சல் கத்தி மாதிரி நிற்கும். சில இடத்தில் தண்ணீர் உடம்பு பொறுக்காத சூட்டில் வரும். வாயில் கயிறு இருப்பதால் வெட்டுப்பட்டாலும் கத்த முடியாது. மாதவிலக்கு நாளிலும் இறங்கினோம், வயிற்றில் பிள்ளையோடும் இறங்கினோம். இவ்வளவும் செய்கிற எங்களுக்கு மீனவர் அட்டை கேட்டுப் போனால், "வலை இல்ல, படகு இல்ல, நீங்க எப்டி மீனவருங்க?" என்று கேட்டார்கள்.

உனக்கு ஒரு முறை ஜுரம் வந்தது. உடம்பு அனலாகக் கொதித்து, கண் மேலே செருகிவிட்டது. உன் அப்பாவைக் கொண்டுபோன அதே ஜுரம் என்று நான் பயந்துவிட்டேன். தேவராஜிடம் ஆஸ்பத்திரிச் செலவுக்குக் கேட்டேன். "போன தபா வாங்கனதே நிக்கிது" என்று அனுப்பிவிட்டான். செல்லிதான் அன்று பிடித்த நண்டுகளை அவன் கொட்டகைக்குக் கொண்டுபோகாமல் கத்திவாக்கத்துக்கு நடந்தாள். அங்கே மீன் விற்கிற பாக்கியத்திடம் கொடுத்துவிட்டு, கிடைத்த பணத்தோடு ஓடிவந்து உன்னைத் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் போனாள். நீ பிழைத்தாய்.

மூன்றாம் நாள் தேவராஜுக்குத் தெரிந்துவிட்டது. கொட்டகையில் எல்லாப் பெண்களும் எடை போட வரிசையில் நிற்கும்போது செல்லியை முன்னால் கூப்பிட்டான். நீ என் இடுப்பில் இருந்தாய்.

"எந்தக் கையால வித்த?"

"புள்ளைக்கு ஒடம்புக்கு முடியல ஓனரே. ரெண்டு நண்டுதான்."

"நான் அத கேக்கல. எந்தக் கையால?"

தேவராஜ் ஐஸ் பெட்டியைத் திறக்கச் சொன்னான். இறால் கெடாமலிருக்க உப்புப் போட்டு உடைத்து வைத்திருக்கிற ஐஸ். அவளுடைய இரண்டு கையையும் முழங்கை வரைக்கும் உள்ளே விடச் சொன்னான். கிளிஞ்சல் கிழித்த கைகள் நைனா, மேலெல்லாம் புண். அவனுடைய ஆள் ஒருவன் பின்னாலிருந்து அவள் தோளை அழுத்திப் பிடித்துக்கொண்டான். தேவராஜ் டீ வரவழைத்துக் குடித்தான். பேப்பரை எடுத்துப் புரட்டினான். நான் அவன் காலில் விழுந்தேன். "அடுத்தது நீ வைக்கறியா?" என்று கேட்டான். வரிசையில் நின்ற யாரும் அசையவில்லை. அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை, ஒவ்வொருத்தி வீட்டுக் கைரேகையும் அவனிடம் இருந்தது. செல்லி முதலில் அலறினாள், பிறகு அலறுவதை நிறுத்திவிட்டாள். நிறுத்தியதுதான் எனக்கு அதிகப் பயமாக இருந்தது.

விரல்கள் வெளுத்து, கொப்பளித்து, கறுத்துப்போயின. பெரிய ஆஸ்பத்திரியில் வலது கையில் இரண்டு விரல் நுனியை எடுத்தார்கள். மற்ற விரல்கள் இருக்கின்றன, ஆனால் அவற்றுக்கு உணர்ச்சி இல்லை. இறால் கைக்குள் வந்து உட்கார்ந்தாலும் அவளுக்குத் தெரியாது. எங்கள் வேலைக்கு விரல்தான் கண். அவளைக் குருடாக்கிவிட்டான். அப்போது அவளுக்கு உன்னுடைய இப்போதைய வயதுகூட இல்லை. பெண் பார்க்க வந்தவர்கள் கையைப் பார்த்துவிட்டு எழுந்து போனார்கள்.

ஆஸ்பத்திரிக்குப் பாக்கியம் வந்தாள். செல்லியின் கட்டுப் போட்ட கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, "இவன வுட்டுட்டீங்கன்னா நீங்கல்லாம் மனுஷிங்களே இல்ல" என்றாள். அவளுக்குத் தெரிந்த தொழிற்சங்க வக்கீல் ஒருவரிடம் எங்களை அழைத்துப்போனாள். முன்பணம் கொடுத்து ஆளைக் கட்டிப்போடுவது கொத்தடிமை என்றும், அதற்குச் சட்டம் இருக்கிறது என்றும் அந்த வக்கீல் சொல்லித்தான் எனக்குத் தெரியும். விசாரணைக்கு வந்த அதிகாரி ஒரு பெண். செல்லியின் கையை அவர் தன் கையில் வாங்கிப் பார்த்தார். அன்றைக்கே காலனியில் எல்லோருக்கும் கடன் செல்லாது, விடுதலை என்று எழுதிக் கொடுத்தார். தேவராஜைக் கைது செய்தார்கள்.

ஜாமீனில் வெளியே வந்ததும் அவன் நம் வீட்டுக்கு வந்தான். தட்டில் பழம், பட்டுப்புடவை, கூடவே திருவொற்றியூரிலிருந்து இரண்டு பெரிய மனிதர்கள். "ஏதோ கோவத்துல பண்ட்டேன்மா. வயசுப் பொண்ணு, நானே நல்ல எடமா பாத்துக் கட்டிக் குடுக்கறேன். கேஸ மட்டும் வாபஸ் வாங்கிக்க" என்றான். நான் அவனை உட்காரச் சொன்னேன். பாக்கியத்தின் மீன் பெட்டி வாசலில் இருந்தது. அதில் ஐஸைக் கொட்டி, வீட்டிலிருந்த உப்பையெல்லாம் அதன்மேல் போட்டுக் கிளறினேன். செல்லிக்கு ஒரு டம்ளர் டீ போட்டுக் கொடுத்தேன்.

"ரெண்டு கையையும் உள்ள வை. அவ டீ குடிச்சு முடிக்கிறவரிக்கும் எடுக்காத. முடிச்சியின்னா நான் வாபஸ் வாங்கறேன்" என்றேன்.

பெரிய மனிதர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவன் சிரிக்கப் பார்த்தான். நான் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் சட்டைக் கையை மடித்துவிட்டு வைத்தான். செல்லிக்கு டம்ளரை விரலால் பிடிக்க முடியாது, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் அணைத்துப் பிடித்துக்கொண்டு ஊதி ஊதிக் குடித்தாள். நாலு மடக்கு உள்ளே போயிருக்காது. "அம்மா, முடியலமா" என்று கையை வெளியே உருவிவிட்டான். கையை அக்குளில் வைத்துக்கொண்டு முனகினான். செல்லி சிரித்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபிறகு அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன். "கோர்ட்ல பாத்துக்கலாம் ஓனரே" என்று சொல்லித் தட்டை அவன் கையில் திருப்பிக் கொடுத்தேன்.

வழக்கு வருஷக்கணக்காக இழுத்தது. சாட்சி சொன்ன பெண்களில் சிலரைப் பயமுறுத்தினான், சிலருக்கு ஏதோ கொடுத்தான். ஒவ்வொருத்தியாகப் பின்வாங்கினார்கள். நானும் செல்லியும் ஒரு வாய்தாவையும் தவறவிடவில்லை. அவன் தலையைத் திருப்பினால் எங்கள் முகம்தான் தெரியவேண்டும் என்று பார்த்து உட்காருவோம். தண்டனை சொன்ன அன்று போலீஸ் வண்டியில் ஏறும்போது அவன் அழுதான். நாங்கள் எதிரிலிருந்த கடையில் பிரியாணி வாங்கி, அந்த வண்டி கண்ணிலிருந்து மறையும்வரை பார்த்துக்கொண்டே சாப்பிட்டோம். செல்லிக்கு நான் ஊட்டிவிட்டேன். அதற்கு முன்னும் பின்னும் அவ்வளவு ருசியாக நான் எதையும் சாப்பிட்டதில்லை. இதைப் படிக்கும்போது உனக்கு என்மேல் அருவருப்பு வந்தால் வரட்டும். அவன் கொட்டகையை மூடினான், படகை விற்றான், வெளியே வந்தபிறகு நோயில் படுத்தான். அவன் செத்தபோது நான் போகவில்லை. மன்னிக்கவும் இல்லை.

இப்போது உன் பிரபுவுக்கு வருகிறேன். "அப்பன் பண்ணதுக்குப் புள்ள இன்னாம்மா பண்ணுவான்?" என்று நீ வேலைக்குச் சேர்ந்த நாளிலேயே கேட்டாய். நியாயமான கேள்வி. அதனால்தான் நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். பிரபுவுடையது இறாலை வாங்கி நேராகப் பணக்கார வீடுகளுக்கு அனுப்புகிற கம்பெனி, நல்ல விலை கொடுப்பார்கள், நம் பையன் ஒருத்தன் உள்ளே இருந்தால் நமக்குத்தான் நல்லது என்று செல்லியே சொன்னாள். முதல் சில மாதம் விலையும் பரவாயில்லாமல் இருந்தது.

பிறகு பாக்கியம் ஒரு நாள் ராயபுரத்தில் மீன் கொடுக்கிற ஒரு வீட்டிலிருந்து பிரபு கம்பெனியின் பிளாஸ்டிக் பாக்கெட் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தாள். "இத்தப் பாரு, ஒன் மூஞ்சி" என்றாள். பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, தலைமயிர் சேறாகி, மாராப்பு நழுவி, தண்ணீருக்குள் நான். 'பழங்குடிப் பெண்கள் கையால் பிடித்தது' என்று பக்கத்தில் எழுதியிருந்தது. அந்தப் போட்டோவை எடுத்தது நீ. போன வருஷம், "சும்மா எடுத்து வச்சிக்கிறேம்மா" என்று கரையில் நின்று எடுத்தாய். அதில் போட்டிருந்த விலையைப் பாக்கியம் படித்துச் சொன்னதும், எங்களுக்குத் தருகிற காசு எவ்வளவு குறைவு என்று தெரிந்தது. அதையும் நான் பொறுத்துக்கொண்டிருப்பேன். என் முகம்தானே.

பொறுக்க முடியாதது அதற்கடுத்த வாரம் தெரிந்தது. பக்கத்து வீட்டுக் கன்னியம்மா புருஷன் வண்டியிலிருந்து விழுந்து கால் ஒடிந்து கிடந்தான். அவள் வீட்டுக்குப் பிரபு பணம் கொடுத்தனுப்பியிருக்கிறான். அவள் இனிமேல் வெளியே யாருக்கும் இறால் கொடுக்கக்கூடாது என்று பேச்சு. அந்தப் பணத்தைக் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்தது யார் என்று கேட்டேன். அவள் என் முகத்தைப் பார்க்காமல், "ஒம் புள்ளதாங்க்கா" என்றாள். அவள் வீடு மட்டுமில்லை, இன்னும் சில வீடும் இருக்கிறது. பேர் சொல்லி உனக்கு ஞாபகப்படுத்த வேண்டியதில்லை. எந்தப் பணத்தால் செல்லியின் விரல் போனதோ, அதே பணத்தை என் வீட்டுப் பிள்ளை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறான். அப்பன் தேவராஜ் செய்ததைத்தான் பிரபு செய்கிறான். கையில் மொபைலும் வாயில் "அக்கா"வும் இருப்பதுதான் வித்தியாசம்.

அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை அப்படிச் செய்தோம். கழிக் கரையில் பிரபு பந்தல் போட்டு, வெள்ளைத் துணி போர்த்திய நாற்காலி போட்டு, பெரிய ஓட்டல்காரர்களை வரவழைத்திருந்தான். நாங்கள் இறால் பிடிப்பதை அவர்கள் வேடிக்கை பார்க்க வேண்டும், உடனே சமைத்துச் சாப்பிட வேண்டும். உன் மாமனார் வீட்டையும் நீ அழைத்திருந்தாய். நாங்கள் எல்லோரும் வந்தோம். இருப்பதிலேயே நல்ல புடவையைக் கட்டி, பூ வைத்துக்கொண்டு வந்து கரையில் உட்கார்ந்தோம். தண்ணீர் வற்றி, சேறு தெரிந்தது. யாரும் இறங்கவில்லை.

நீ ஓடி ஓடி வந்தாய். "எறங்குங்கம்மா, தண்ணி ஏறிடப் போவுது" என்று கெஞ்சினாய். பிரபு பந்தலிலிருந்து, "இன்னாடா பேஜாரு இது, உங்கம்மாவ அப்பால கூட்டிக்கினு போ" என்றான். நீ வந்து என் முழங்கைக்கு மேல் பிடித்தாய். அந்த இடம் இன்னும் வலிக்கிறது என்று பொய் சொல்ல மாட்டேன், நீ மெதுவாகத்தான் பிடித்தாய். "கைய எடு" என்றேன். எடுத்துவிட்டாய்.

ஓட்டலிலிருந்து வந்த அம்மா ஒருவர் எழுந்து வந்து, "ஏன் யாருமே இறங்கல?" என்று என்னிடமே கேட்டார். அவர் கேட்காவிட்டாலும் சொல்லியிருப்பேன். பிரபுவின் அப்பா யார், செல்லி யார், கன்னியம்மா வீட்டுக்குப் போன பணம் எது, எல்லாவற்றையும் சொன்னேன். குரலை உயர்த்தவில்லை. செல்லி எழுந்துபோய்த் தட்டுகள் வைத்திருந்த மேசைமேல் தன் இரண்டு கையையும் விரித்து வைத்தாள். அவ்வளவுதான் அவள் செய்தது. அந்த ஓட்டலம்மா அதைப் பார்த்துவிட்டுத் தன் பையை எடுத்துக்கொண்டு காரை நோக்கி நடந்தார். ஒவ்வொருவராக எழுந்தார்கள். பிரபு பின்னாலேயே ஓடினான், "மேடம், மேடம்" என்று. அவன் அப்பன் அன்று என் வாசலில் முனகியது எனக்கு மறுபடி கேட்டது. தண்ணீர் ஏறிச் சேற்றை மூடியபோது பந்தலில் சமையல்காரர்கள் மட்டும் நின்றார்கள்.

நேற்று பிரபு ஆள் அனுப்பினான். பாக்கெட்டிலிருந்து போட்டோவை எடுத்துவிடுகிறானாம், விலையைக் கூட்டித் தருகிறானாம், ஓட்டல்காரர்களிடம் வந்து சமாதானமாக ஒரு வார்த்தை சொல்ல வேண்டுமாம். விலையைப் பற்றி அவன் எங்களிடம் பேசக் காலம் தாண்டிவிட்டது என்று சொல்லி அனுப்பினோம். பெண்கள் சேர்ந்து பேசி முடித்துவிட்டோம். இனிமேல் இறால் காசிமேட்டு ஏலத்துக்குத்தான் போகும், பாக்கியத்தின் மருமகன் வண்டி வைத்திருக்கிறான். எடை எங்கள் தராசில்தான். கன்னியம்மா வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுக்கப்போவதில்லை, அது செல்லாத கடன்.

நீ சின்ன வயதில் கேட்ட எதையும் நான் இல்லையென்று சொன்னதில்லை. உன்னைச் சேற்றில் இறக்காமல் வளர்த்தது நீ மேலே நின்று எங்களுக்கு விலை பேசுவதற்காக இல்லை. நிலையான வேலை இருந்தால்தான் பெண் வீட்டில் மதிப்பு என்றாய். மகாவிடம் நான் பேசினேன், அவளே வந்திருந்தாள். "அவர்ட்ட நான் கேக்கறேன் அத்தை, அவரு சொல்லட்டும்" என்றாள்.  நீ அவளுக்கு என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியாது. கல்யாணத்தில் நானும் உன் சின்னம்மாவும் முன் வரிசையில் உட்காருவோம். நீ கூப்பிடாவிட்டாலும் வருவோம். அங்கே பிரபு வந்து உட்கார்ந்தால் நான் மறுபடி எழுந்து பேசுவேன்.

கொத்தடிமைப் புகார் எழுதியாயிற்று. கையெழுத்து என்னுடையது, கன்னியம்மா கைரேகை வைத்திருக்கிறாள், மற்றவர்களும் வைத்திருக்கிறார்கள். வருகிற திங்கட்கிழமை காலையில் எல்லோரும் சேர்ந்து கொண்டுபோய்க் கொடுக்கிறோம். முன்பணம் கொடுத்தவர்கள் என்கிற இடத்தில் பிரபுவின் பெயர் இருக்கிறது, அதற்குக் கீழே ஒரு வரியைக் காலியாக விட்டிருக்கிறேன். சாட்சிகள் என்கிற இடத்திலும் ஒரு வரியைக் காலியாக விட்டிருக்கிறேன். இரண்டில் ஒன்றில் உன் பெயர் வரும். எதில் என்று திங்கட்கிழமைக்குள் வந்து சொல். வராவிட்டால் பிரபுவின் பெயருக்குக் கீழே நானே எழுதிவிடுவேன்.

உன் அம்மா